கொலையாளி இல்லாத மரணம்



இலக்கியத்தின் பேரில் அமைந்த ஓர் அறக்கட்டளையில் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி, அதுவும் வாரம் ஒரு பிணம் விழும் துப்பறியும் தொடரைப் பற்றிப் பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். எதைப் பற்றிப் பேசினாலும் கதை என்னும் கலையைப் பற்றிப் பேசினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த உரிமையை இன்று முழுதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டுக்கணக்காக ஓடிய குற்றத்தொடர் எப்படி விடைபெற வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 1987 முதல் 2000 வரை வந்த ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரை நடுவில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு இரு பக்கமும் சாட்சிகளாக ஷெர்லாக் ஹோம்ஸையும் ஹெர்க்யூல் பொய்ரோவையும் நிறுத்துகிறேன். மூவரின் முடிவையும் வெளிப்படையாகச் சொல்லத்தான் போகிறேன். இனிமேல்தான் படிக்கப் போகிறோம், பார்க்கப் போகிறோம் என்றிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவைப் பற்றிய பேச்சில் முடிவை ஒளித்துவைக்க வழியில்லை.

வழக்கு முடியும், ஆள் முடிவதில்லை

துப்பறியும் கதையின் இலக்கணம் எளியது. தொடக்கத்தில் ஒரு பிணம், இறுதியில் ஒரு பெயர். இடையில் உள்ளதெல்லாம் அந்தப் பெயரைத் தள்ளிப்போடும் கலை. குடும்பத் தொடர் ஒரு முடிச்சை அவிழ்க்கும்போதே அடுத்ததைப் போட்டுவிடுகிறது. துப்பறியும் தொடர் அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கைத் தீர்த்து ஏட்டை மூடிவிடுகிறது. ஒவ்வோர் அத்தியாயமும் முழுமையான முடிவு. ஆகவே தொடர் என்ற முறையில் அதற்கு முடிவே தேவையில்லை. உலகில் கொலைகள் தீரப்போவதில்லை. துப்பறிபவருக்கும் வேலை தீரப்போவதில்லை.

அதனால்தான் இத்தகைய தொடர்கள் பெரும்பாலும் கதைக்குள் முடிவதில்லை, தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்கறையில் முடிகின்றன. அமெரிக்காவின் என்பிசியில் 1990-ல் தொடங்கிய ‘லா அண்ட் ஆர்டர்’ 20 பருவங்கள் ஓடியது. ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய கௌபாய் தொடரின் சாதனையை எட்டிய நிலையில் 2010 மே மாதம் நிறுத்தப்பட்டது. கடைசியாக ஒளிபரப்பானது மற்றுமொரு வழக்கு, அவ்வளவுதான். பிறகு 2022-ல் அது விட்ட இடத்திலிருந்து திரும்பி வந்தது. நம் நாட்டில் 1998 முதல் இந்தியில் வந்துகொண்டிருந்த ‘சிஐடி’க்கும் இதே கதைதான். 20 ஆண்டுகள் ஓடி 2018 அக்டோபரில் நின்றது, 2024 இறுதியில் திரும்பியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரின் நாயகன் ஓர் ஆள் இல்லை, ஓர் அலுவலகம். காவலர்கள் மாறினார்கள், அரசு வழக்கறிஞர்கள் மாறினார்கள், தொடர் மாறவில்லை. அலுவலகத்துக்கு ஓய்வூதியம் உண்டா, மூப்பு உண்டா? பூட்டலாம், திறக்கலாம். விடைபெற வேண்டிய அவசியம் அங்கே எழுவதேயில்லை.

ஒரே மனிதரைச் சுற்றி ஓடும் தொடரில்தான் சிக்கல் தொடங்குகிறது. வழக்குகள் மாறிக்கொண்டிருக்க, முகம் மட்டும் மாறாமல் இருக்கிறது. பார்ப்பவர்கள் படிப்பை முடிக்கிறார்கள், மணம் செய்கிறார்கள், பெற்றோரை இழக்கிறார்கள்; திரையில் அந்த முகம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் அந்த மனிதருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு எழுத்தாளர் பதில் சொல்லியாக வேண்டும், அல்லது கேள்வியே எழாதபடி காலத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

பிணம் கிடைக்காத மரணம்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்று தோற்றவர்களில் புகழ் பெற்றவர் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். ஹோம்ஸின் புகழ் தன் வரலாற்று நாவல்களை மறைக்கிறது என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. 1893 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளிவந்த கதையில், சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸையும் பேராசிரியர் மோரியார்ட்டியையும் சேர்த்து வீழ்த்தினார். வாசகர்கள் கொதித்தார்கள்.

நாயகன் இறந்துவிட்டான் என்ற வருத்தம்தான் அந்தக் கொதிப்புக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. மோரியார்ட்டி அந்தக் கதைக்கு முன்பு வாசகருக்குத் தெரியாதவன். ஹோம்ஸைக் கொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே அவன் பிறந்தான், வேலையை முடித்தான், போனான். ஹோம்ஸின் வாழ்க்கையிலிருந்து முளைத்த மரணம் இல்லை அது; வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. போதாததற்கு, ஹோம்ஸ் விழுந்ததை அவர் நண்பர் வாட்சன் பார்க்கவும் இல்லை, உடல் கிடைக்கவும் இல்லை. பிணம் கிடைக்காத மரணத்தை நம்பாதே என்று வாசகர்களைப் பழக்கியது யார்? இதே டாயில்தான். அவர் கற்றுக்கொடுத்த பாடத்தை வாசகர்கள் அவரிடமே திருப்பிச் சொன்னார்கள்.

1901-ல் ‘பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்’ வந்தது. அருவிக்கு முந்தைய வழக்கு என்ற ஏற்பாட்டில். 1903-ல் ஹோம்ஸ் உயிரோடே திரும்பிவிட்டார். பின்னாளில் அவரை சசெக்ஸில் தேனீ வளர்க்க அனுப்பி ஓய்வு கொடுத்தார் டாயில். கொன்று அனுப்ப முடியாதவரை ஓய்வுக்கு அனுப்புவது அலுவலக வழக்கம். இலக்கியத்திலும் அது சில சமயம் உதவுகிறது.

தானே குற்றவாளியாகி

அகதா கிறிஸ்டி டாயிலைவிட முன்யோசனைக்காரர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, பொய்ரோவின் இறுதிக் கதையை எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். ‘கர்ட்டன்’ என்ற அந்த நாவல் 1975-ல் வெளியானது. அதையொட்டி அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. கற்பனை மனிதருக்கு இறப்புச் செய்தி! அடுத்த ஜனவரியில் கிறிஸ்டியும் மறைந்தார்.

அந்த நாவலில் பொய்ரோ சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரது முதல் வழக்கு நடந்த அதே ஸ்டைல்ஸ் மாளிகை. அங்கே ஒருவன் தன் கையால் யாரையும் கொல்வதில்லை. மற்றவர்கள் மனத்தில் கொலை எண்ணத்தைத் தூண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். சட்டத்தில் அவனைப் பிடிக்க இடமில்லை. பொய்ரோ அவனைத் தன் கையால் சுட்டுக் கொல்கிறார். பிறகு தன் இதயநோய் மருந்தை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் படுக்கிறார். நண்பர் ஹேஸ்டிங்ஸுக்கு எல்லாம் பிறகு ஒரு கடிதத்தில்தான் தெரிகிறது.

எவ்வளவு கறாரான முடிவு என்று பாருங்கள். துப்பறியும் கதையில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குற்றவாளி உண்டு என்ற விதியை கிறிஸ்டி கடைசிவரை விடவில்லை. பொய்ரோவின் சாவுக்கும் ஒரு குற்றவாளி இருக்கிறார். அவர் பொய்ரோ.

தொலைக்காட்சியில் டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை 70 அத்தியாயங்களில் பொய்ரோவாக நடித்தார். இறுதிப் பருவத்தில் ‘கர்ட்டன்’ கதையைத்தான் முதலில் படமாக்கினார்கள். சாவுக் காட்சியோடு அந்த வேடத்தைக் கழற்றிவைக்க சூஷேக்கு மனமில்லை. ஆகவே கடைசியாக எடுத்தது வேறொரு கதை. டெவன் மாவட்டத்தில் கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில் பொய்ரோ நிமிர்ந்து நடந்து வரும் காட்சிகளோடு படப்பிடிப்பு முடிந்தது. பார்வையாளருக்கு ஒரு விடைபெறல், நடிகருக்கு வேறொரு விடைபெறல். 2013 நவம்பர் 13 அன்று ‘கர்ட்டன்’ ஒளிபரப்பானபோது அவருடைய விடைபெறல் எப்போதோ முடிந்திருந்தது.

மூப்படைய அனுமதிக்கப்பட்டவர்

இனி மோர்ஸ்.

அவரைப் படைத்த காலின் டெக்ஸ்டர் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த பள்ளி ஆசிரியர். காது மந்தமானதால் 1966-ல் கற்பிக்கும் வேலையை விட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் பள்ளித் தேர்வுகளை நடத்தும் அலுவலகத்தில் சேர்ந்தார். குறுக்கெழுத்துப் புதிரில் வல்லவர். மோர்ஸ், லூயிஸ் என்ற பெயர்களையே புதிர் உலகில் தனக்குப் போட்டியாக இருந்தவர்களிடமிருந்து எடுத்தார். முதல் நாவல் 1975-ல் வந்தது. மொத்தம் 13 நாவல்கள். கடைசி நாவலான ‘தி ரிமோர்ஸ்ஃபுல் டே’ 1999-ல் வந்தது.

முதன்மை ஆய்வாளர் மோர்ஸ் எப்படிப்பட்டவர்? ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பட்டம் வாங்காமல் வெளியேறியவர். வாக்னர் இசையில் மூழ்குபவர். இரத்தத்தைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் கொலை விசாரணை அதிகாரி. பீர் இல்லாமல் மூளை ஓடாது என்று நம்புபவர். அந்த பீருக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் குறைந்த சம்பளம் வாங்கும் சார்ஜன்ட் லூயிஸ். துப்பறிவதில் அவருடைய முறை விசித்திரமானது. முதலில் அழகான, நுட்பமான, முற்றிலும் தவறான ஒரு விளக்கத்தைக் கட்டுவார். அது சரிந்து விழும். இடிபாட்டிலிருந்து இன்னொன்று. அதுவும் விழும். மூன்றாவதில் உண்மை இருக்கும். ஹோம்ஸும் பொய்ரோவும் அறிந்தவர்களாக நம் முன் நிற்கிறார்கள். மோர்ஸ் தவறிக்கொண்டே வருகிறார்.

1987 ஜனவரி 6 அன்று முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. திரைக்கதை எழுதியவர், பின்னாளில் ‘இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்தை இயக்கிய அந்தோனி மிங்கெல்லா. அப்போது பிரிட்டிஷ் போலீஸ் தொடர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வழக்கை முடித்துவிடும். விளம்பரங்களையும் சேர்த்து மோர்ஸ் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முழுப்படத்தின் அளவு. கேமரா கல்லூரி முற்றங்களில் நின்று நிதானமாகப் பார்த்தது. துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சத்தம் அபூர்வம். பாரிங்டன் ஃபெலூங் அமைத்த முகப்பிசையில் மோர்ஸ் என்ற பெயரே தந்திக் குறியீட்டின் தாளத்தில் ஒலிக்கும்.

மோர்ஸாக நடித்த ஜான் தா, அதற்கு முன் எழுபதுகளில் ‘தி ஸ்வீனி’ தொடரில் கைநீட்டிப் பேசும் முரட்டுப் போலீஸ்காரராக நாடறிந்தவர். இப்போது 45 வயதில், நரைத்த தலையோடு, சிவப்பு ஜாகுவார் காரில் இசைத்தட்டு ஆசாமியாக வந்தார். நாவலில் மோர்ஸைவிட மூத்தவராக, வேல்ஸ்காரராக இருந்த லூயிஸ், திரையில் இளையவராக, வடகிழக்கு இங்கிலாந்துப் பேச்சுடன் கெவின் வேட்லி வடிவில் வந்தார். அந்த மாற்றம் தொடருக்குக் கிடைத்த வரம். வயதான இருவரின் கதை, ஒரு மூத்தவரும் கற்றுக்கொள்ளும் ஓர் இளையவரும் என்ற கதையாக மாறியது. டெக்ஸ்டரின் பின்னாள் நாவல்களுக்குள்ளும் ஜான் தாவின் மோர்ஸ் நுழைந்துவிட்டார்; முதல் நாவல்களில் லான்சியா ஓட்டியவர் ஜாகுவாருக்கு மாறினார்.

என் வாதத்துக்கு வேண்டிய புள்ளி இதுதான்: மோர்ஸுக்குக் காலம் ஓடியது. ஹோம்ஸின் வயதைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க அறிஞர்கள் வேண்டும். கிறிஸ்டியின் பொய்ரோ 1920-ல் வெளியான முதல் நாவலிலேயே ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. அதன்பின் அரை நூற்றாண்டு துப்பறிந்தார். மோர்ஸ் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்தார். மது கணக்குக் கேட்டது. நாவல்களில் நீரிழிவு வந்தது; டெக்ஸ்டருக்கும் அந்த நோய் இருந்தது. ‘தி வென்ச் இஸ் டெட்’ கதையில் மோர்ஸ் குடற்புண்ணோடு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி, 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நடந்த ஒரு கொலையைப் புத்தகத்தைப் புரட்டியே துலக்குகிறார். சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் எழுத்தாளர் அங்கே நோயைக் கதைக்குள் குடிவைத்துவிட்டார்.

தொடர் விடைபெற்ற விதத்திலும் அவசரம் இல்லை. வழக்கமான பருவங்கள் 28 அத்தியாயங்களோடு 1993-லேயே முடிந்துவிட்டன. பிறகு 1995, 1996, 1997, 1998, 2000 என ஐந்து தனிப் படங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் உறவினர்போல் மோர்ஸ் வந்தார். ஒவ்வொரு வருகையிலும் கொஞ்சம் மெலிந்திருந்தார். 1997 படத்தில்தான், அதுவரை மறைத்துவந்த தன் முதற்பெயர் என்டெவர் என்று ஒப்புக்கொண்டார். எல்லாக் கணக்கையும் மெல்ல மெல்லத் தீர்க்கிறார் என்று அப்போதே சிலருக்குப் புரிந்திருக்கும்.

2000 நவம்பர் 15

33-ஆவது படம் அந்த இரவில் ஒளிபரப்பானது. ஏறத்தாழ 1.3 கோடிப் பேர் பார்த்தார்கள். வழக்கு, ஓராண்டுக்கு முன் கொலையுண்ட ஒரு செவிலியைப் பற்றியது. மோர்ஸ் அவளை முன்பே அறிந்திருந்தார். அதனால் அந்த வழக்கைத் தொடத் தயங்குகிறார். ஓய்வுபெறும் நாள் நெருங்குகிறது. வேலைக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பறவை பார்க்கக் கற்றுக்கொள்கிறார். உடல் ஒத்துழைக்கவில்லை.

எக்ஸிட்டர் கல்லூரியின் முன்முற்றத்தில், தேவாலயத்திலிருந்து ஃபோரேயின் இரங்கல் இசையைப் பாடகர் குழு பாடிக்கொண்டிருக்க, மோர்ஸ் புல்வெளியில் சரிந்து விழுகிறார். மருத்துவமனையில் வழக்கின் கடைசி முடிச்சு அவர் மனத்தில் அவிழ்கிறது. லூயிஸ் பக்கத்தில் இல்லை. வழக்கை முடிக்கும் வேலையாக வேறிடத்தில் இருக்கிறார். படுக்கையருகே இருப்பவர் மேலதிகாரி ஸ்ட்ரேஞ்ச். லூயிஸுக்குத் தன் சார்பில் நன்றி சொல்லிவிடுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டு மோர்ஸ் இறந்துபோகிறார்.

இங்கேதான் இந்தத் தொடர் தன் இலக்கணத்தைத் தானே மீறுகிறது. 32 படங்களில் எத்தனை பிணங்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒரு கை, ஒரு பெயர் கிடைத்தது. 33-ஆவது படத்திலும் செவிலியின் கொலைக்கு விடை கிடைக்கிறது. ஆனால் அதே படத்தில் விழுந்த இன்னொரு உடலுக்கு எந்தக் குற்றவாளியும் இல்லை. பழிவாங்க வந்த எதிரி இல்லை, அருவி இல்லை, துப்பாக்கி இல்லை. இத்தனை ஆண்டுக் குடி, உடலைக் கவனிக்காத சோம்பல், தனிமை, அவ்வளவுதான். யார் செய்தது என்று கேட்கப் பழகியிருந்த கோடிக்கணக்கான பேர், அன்றிரவு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நிஜத்தில் நம்மைச் சேர்ந்தவர்கள் இப்படித்தான் போகிறார்கள். அவர்கள் போன பிறகு நாமும் துப்பறியத்தான் பார்க்கிறோம். மருத்துவர் சரியாகப் பார்த்திருந்தால், இரண்டு நாள் முன்னால் கூட்டிப்போயிருந்தால் என்று ஒரு குற்றவாளியைத் தேடுகிறோம். பல நேரம் அப்படி ஒருவர் இருப்பதில்லை. துப்பறியும் கதை நமக்குத் தரும் ஆறுதலே, சாவுக்கு ஒரு பெயர் வைத்துத் தருவதுதான். அந்த ஆறுதலைக் கடைசி முறை தர மறுத்ததில்தான் மோர்ஸ் தொடரின் நேர்மை இருக்கிறது. மோரியார்ட்டியை ஏவி மோர்ஸைக் கொன்றிருந்தால் நாம் கோபப்பட்டிருப்போம். கோபம் எளிது. இங்கே கோபப்பட யாரும் இல்லாததால் துக்கம் மட்டுமே மிஞ்சியது.

நன்றிக் கடன்

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 14 ஆண்டுகளாக மோர்ஸ் லூயிஸை அதட்டினார், இலக்கணப் பிழைகளைத் திருத்தினார், பீருக்குப் பணம் கொடுக்க வைத்தார், வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்க இரவெல்லாம் அலையவிட்டார். மனம் திறந்து நன்றி சொல்வது அவருக்கு வராது. தொடரில் தீராமல் கிடந்த ஒரே கணக்கு அதுதான். அதை எழுத்தாளர் எப்படித் தீர்க்கிறார்? நன்றி சொல்லப்படுகிறது, ஆனால் உரியவர் காதில் நேராக விழவில்லை. இடையில் ஒருவர் வேண்டியிருக்கிறது. பிணவறையில் லூயிஸ் குனிந்து மோர்ஸின் நெற்றியில் முத்தமிட்டு விடைபெறுகிறார். அத்தனை ஆண்டுகளில் இருவரும் இவ்வளவு நெருங்கியதில்லை. நெருங்கும்போது ஒருவர் உயிரோடு இல்லை.

இருவரும் கைபற்றி அழுதிருந்தால் அதைப் பார்த்தவர்கள் அன்றே மறந்திருப்பார்கள். அந்த மனிதர்கள் வாழ்ந்தபடியே பிரிந்தார்கள் என்பதால்தான் இந்தக் காட்சி நிற்கிறது. விடைபெறும் காட்சியில் பாத்திரத்துக்குப் புதிய குணம் எதையும் கொடுக்கக் கூடாது. பழைய குணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோக வேண்டும், அதற்குமேல் ஓர் அடி வைக்கக் கூடாது.

2002 பிப்ரவரி 21 அன்று ஜான் தா புற்றுநோயால் இறந்தார். வயது 60. தொடர் முடிந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. மோர்ஸைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சுக்கு அதன்பின் இடமே இல்லாமல் போனது.

பிரிவை மதித்த தொடர்ச்சி

ஆனால் தொலைக்காட்சி நிறுவனம் வெற்றியை எளிதில் விடாது. 2006-ல் ‘லூயிஸ்’ தொடங்கியது. இது மோர்ஸின் பிரிவைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சினார்கள். கெடுக்கவில்லை, காரணம், இறந்தவரை இறந்தவராகவே விட்டார்கள். லூயிஸ் இப்போது ஆய்வாளர். மனைவியைச் சாலை விபத்தில் இழந்தவர். பக்கத்தில், இறையியல் படித்துப் பாதிரியார் ஆகாமல் வந்த ஹாத்தவே என்ற இளம் சார்ஜன்ட். இப்போது படித்தவன் இளையவன், அனுபவசாலி மூத்தவர். மோர்ஸிடம் கற்றதை லூயிஸ் கைமாற்றினார், பீருக்குக் காசு கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. 2015-ல் இந்தத் தொடர் நின்றபோது அத்தியாய எண்ணிக்கை 33. குருவின் எண்ணிக்கையைத் தாண்ட விரும்பாத சீடர்.

‘என்டெவர்’ 2012-ல் தொடங்கியது. மோர்ஸின் இளமைக் கதை. 1965 முதல் 1972 வரையான ஆக்ஸ்ஃபோர்டு. ஷான் எவன்ஸ் இளம் மோர்ஸ், ரோஜர் ஆலம் அவருக்கு வழிகாட்டும் ஆய்வாளர் தர்ஸ்டே. 36 அத்தியாயங்களையும் ரஸ்ஸல் லூயிஸ் என்ற ஒரே எழுத்தாளர் எழுதினார். ஜான் தாவின் மகள் அபிகெய்ல், உள்ளூர் நாளிதழின் ஆசிரியராக நடித்தார்.

இளமைக் கதைக்கு ஒரு பெரிய இடையூறு உண்டு. முடிவு எல்லோருக்கும் தெரியும். இவன் பிழைப்பானா என்ற பதற்றத்துக்கு இடமில்லை; இவன் எப்படித் தனியாளானான் என்ற கேள்வி மட்டுமே மிச்சம். கூடவே ஒரு புதிரும் இருந்தது. தந்தைபோல் இருந்த தர்ஸ்டேயைப் பற்றி பிற்கால மோர்ஸ் 33 படங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, ஏன்? எண்பதுகளில் எழுதியவர்களுக்கு தர்ஸ்டே என்ற ஆள் தெரியாது என்பதுதான் உண்மைக் காரணம். அந்தக் காரணத்தைக் கதையாக மாற்றியதில் ரஸ்ஸல் லூயிஸின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. 2023 மார்ச்சில் வந்த இறுதி அத்தியாயத்தில், தன் மகனைக் காக்கும் முயற்சியில் தர்ஸ்டே ஒருவனைக் கொன்றுவிட்டதை மோர்ஸ் கண்டுகொள்கிறார். காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெயரையே இனி உச்சரிப்பதில்லை என்ற மௌனம்தான் அவர் செய்யும் உதவி. அவர் காதலைச் சொல்லாமலே விட்ட தர்ஸ்டேயின் மகள் ஜோன், நண்பர் ஸ்ட்ரேஞ்சை மணந்துகொள்கிறாள். ஆம், பல ஆண்டு கழித்து மரணப் படுக்கையருகே நிற்கப் போகும் அதே ஸ்ட்ரேஞ்ச். 2000-ல் நாம் பார்த்த சாவுக் காட்சிக்கு 2023-ல் இன்னொரு பொருள் கூடிவிட்டது.

33, 33, 36. மொத்தம் 102 படங்கள். 36 ஆண்டுகளில் ஒரே மனிதருக்கு மூன்று முறை விடைகொடுத்தார்கள். ஒருமுறைகூட முந்தைய விடைபெறலைப் பொய்யாக்கவில்லை. டாயிலுக்குக் கைவராதது இது. ஆக்ஸ்ஃபோர்டின் ராண்டால்ஃப் விடுதியில் மோர்ஸ் பெயரில் ஒரு மதுக்கூடம் இருக்கிறது. இல்லாத மனிதரின் தடங்களைத் தேடி அந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் வருகிறார்கள்.

நம் பக்கம்

இங்கே ஒரு சொல் நம் துப்பறிவாளர்களைப் பற்றி. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி எழுதிய காலத்திலிருந்தே இந்தக் கதைவகை நம்மிடம் செழித்திருக்கிறது. ஆனால் நம் துப்பறிவாளர்களுக்கு வயதாவதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே இருக்கிறார். 1968-ல் ‘நைலான் கயிறு’ கதையில் அறிமுகமான கணேஷ், சுஜாதாவின் பேனாவில் நாற்பது ஆண்டுகள் இளமையாகவே இருந்தார். 2008-ல் சுஜாதா மறைந்தபோது கணேஷுக்கும் அவருடைய உதவியாளர் வசந்துக்கும் இறுதிக் கதை என்று ஒன்று இல்லை. வார இதழ் வாசகர் இளமையை விரும்பினார், எழுத்தாளர் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கணேஷும் வசந்தும் நம்மைவிட்டுப் பிரியவே இல்லை என்று மகிழலாம். ஆனால் அவர்களைப் பிரியும் அனுபவத்தை, அதன் வழியாக நம் வயதையே எண்ணிப் பார்க்கும் அனுபவத்தை, நாம் பெறவில்லை என்பதும் உண்மை.

முடிவாக

மூன்று முடிவுகளைப் பார்த்தோம். ஹோம்ஸ் கொல்லப்பட்டார், நாம் நம்பவில்லை. பொய்ரோ கொன்றார், நாம் அதிர்ந்தோம். மோர்ஸ் வெறுமனே இறந்தார், நாம் துக்கப்பட்டோம். மூன்றாவதைச் சாதிக்க ஒரே ஓர் இறுதிக் காட்சி போதாது. முதல் அத்தியாயத்திலேயே அந்த மனிதர் கையில் பீர் கோப்பையைக் கொடுத்திருக்க வேண்டும். தனியாக வீடு திரும்ப வைத்திருக்க வேண்டும். நன்றி சொல்லத் தெரியாதவராகப் படைத்திருக்க வேண்டும். அப்போது நாம் அதையெல்லாம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தோம். அவையெல்லாம் தடயங்கள். துப்பறியும் கதையின் நல்ல முடிவு எல்லாத் தடயங்களையும் முன்கூட்டியே வாசகர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் பழைய விதி. டெக்ஸ்டரும் அவருடைய தொலைக்காட்சித் தோழர்களும் அந்த விதியை வழக்குகளில் மட்டும் கடைப்பிடிக்கவில்லை, நாயகனின் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை இணையத் தொடர்கள் எழுதப் போகிறீர்கள். அடுத்த பருவத்துக்கு வழி வைத்து முடி என்று உங்களிடம் சொல்வார்கள். வழி வையுங்கள், தொழில் நடக்க வேண்டும். ஆனால் உங்கள் நாயகனை முதன்முதலாகத் திரையில் நடக்கவிடும் அன்றே, இவன் எதனால் சாவான், அப்போது யாருக்கு என்ன கடன்பட்டிருப்பான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதைக் கடைசிவரை எழுதாமலே போனாலும் பாதகமில்லை. அந்த அறிவு உள்ள எழுத்தாளரின் பாத்திரம் முதல் காட்சியிலேயே உயிருள்ள மனிதராக நடக்கும்.